ஒரு வரி குறைவாக

ஷ்கோதர் நகரத்தில் பேராலயத்தைப் பூட்டவில்லை.
பீடம் இருந்த இடத்தில் வலை கட்டிக்
கைப்பந்து ஆடவிட்டார்கள்.
திராந்தே புகையிலை ஆலைக்கு அவ்வழியே போவாள்.
பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்கும்போது
சால்வைக்குள் கட்டைவிரலால்
தன் உள்ளங்கையில் சின்னதாய்ச் சிலுவை கீறிக்கொள்வாள்,
அரிப்புக்குச் சொறிவதுபோல.

செபமாலையை லெஷ் அடுப்பில் போட்டாயிற்று.
மணிகள் ஆலிவ் மரம். நன்றாகத்தான் எரிந்தன.
அதன் பிறகு வெள்ளை மொச்சை.
கல் பொறுக்குகிற சாக்கில்
பத்து, ஒரு கல், பத்து, ஒரு கல்.
கதவு தட்டப்பட்டால் எல்லாம் ஒரே குவியல்.
ராத்திரி அதையே வேகவைத்துத் தின்றார்கள்,
உப்பு இருந்தால் உப்போடு.

மகள் வித்தோரே எழுத்து கற்குமுன் பொய் கற்றாள்.
"ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முட்டை உண்டா?"
ஆசிரியை சிரித்துக்கொண்டே கேட்பாள்.
"இல்லை. ரொட்டியும் வெங்காயமும்."
அன்று மாலை பிள்ளைக்குத் தலைவாரியபடி
பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்த திராந்தே
எட்டாவதில் வந்து
சீப்பைக் கீழே வைத்தாள்.
பிறகு ஒன்பதாவதைச் சொன்னாள்.

முட்டை இருந்தது.
வெங்காயத் தோலில் சிவக்கச் சிவக்க அவித்த மூன்று.
ஓட்டைப் பொடித்துச் சாம்பலோடு கலந்ததில்
நகமளவு ஒரு சில் தப்பிவிட்டது.
கீழ்வீட்டுத் தீலா
சாம்பல் வாளியைப் பார்த்தாள்.
திராந்தே அவள் பார்ப்பதைப் பார்த்தாள்.
மூன்றாம் நாள் லெஷைக் கூட்டிப்போனார்கள்.

செம்புச் சுரங்கத்திலிருந்து
நாலு வருடம் கழித்து ஒரு பொட்டலம் வந்தது:
இடுப்பு வார், ஒரு பக்கம் உடைந்த மூக்குக்கண்ணாடி.
எந்தக் குழி என்று எழுதவில்லை.

அழுதாளா என்று கேட்காதீர்கள், தெரியாது.
எனக்குத் தெரிந்தது இது:
அன்றிரவும் அவள் பரலோகப் பிதாவை அழைத்தாள்,
உதடு அசையாமல், தலையணைக்குள்.
நாமத்தை வாழ்த்தினாள். அப்பம் கேட்டாள்.
அடுத்த வரிக்கு வந்ததும்
படிக்கட்டில் ஒரு படி உடைந்திருப்பதுபோல்
தாண்டிக் கால்வைத்தாள்.

அப்படியே பதினேழு வருடம்.

என் மொழியில் பொறுத்தல் என்றால் இரண்டு.
தாங்குவதும் பொறுத்தல், மன்னிப்பதும் பொறுத்தல்.
அவள் மொழியில் எப்படியோ, அறியேன்.
பசி பொறுத்தாள். பனி பொறுத்தாள்.
தேசத்துரோகியின் பெண்டாட்டி என்று
ரொட்டி வரிசையில் கடைசிக்குத் தள்ளியதைப் பொறுத்தாள்.
தினம் இருமுறை அதே படிக்கட்டில்
தீலாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.
ஒரு சொல்லின் பாதியிலேயே
ஓர் ஆயுள் தீர்ந்துவிடும் போலிருந்தது.
"இந்த ஒன்றை மட்டும் என்னிடம் கேளாதேயும்" என்று
கடவுளோடு பேரம் பேசினாள்.
அவர் பதில் சொல்லவில்லை.
கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒரு நவம்பர்.
கல்லறைத் தோட்டத்தில், மழையில், வெளிப்படையாக,
சிறையில் பல் போன குருவானவர் ஒருவர்
பூசை வைத்தார்.
மேசை, கோப்பை, நடுங்கும் கை.
போலீஸ் வருமா என்று எல்லாரும்
பாதி முகத்தை வாசலுக்குக் கொடுத்து நின்றார்கள்.
திராந்தே பக்கத்தில் ஒரு குடை வந்து நின்றது.
திரும்பாமலே தெரிந்தது:
வருடக்கணக்காய்த் தரைக்கு அடியிலிருந்து கேட்ட இருமல்.

கூட்டம் பிதாவை உரக்க அழைத்தது.
சத்தமாய்ச் சொல்லி மறந்த தொண்டைகள்
ஒன்றையொன்று இடறின.
அப்பம் வந்தது. அந்த வரி வந்தது.
தீலாவின் குரல் அங்கே நின்றுபோனது.
அவளுக்கும் அந்தப் படி உடைந்துதான் கிடந்தது போலும்.

திராந்தே சொல்லவில்லை.
வாய் திறந்தாள், மழைதான் உள்ளே போனது.
ஆனால் தாண்டவும் இல்லை.
மற்றவர்கள் ஆமென் வரை போய்ச் சேர்ந்த பின்னும்
அந்த வரியிலேயே நின்றுகொண்டிருந்தாள்,
ஒரு தோள் குடைக்குள்,
ஒரு தோள் வெளியே.